நிதானப் பயணம்

ஜனவரி 2, வியாழன் (33)

கடையில் மிஞ்சிய டைரி இது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதிக்குக் கீழே ஓர் உரக்கடையின் விளம்பரம். ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் அம்மா, "தெனமும் நாலு வரி எழுதுங்க, மனசுல இருக்கத எழுதுங்க" என்று சொன்னார். மனசில் இருப்பதை எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

இன்று அடித்த ஃப்ளெக்ஸ்: பூப்புனித நீராட்டு விழா மூன்று, கண்ணீர் அஞ்சலி ஒன்று. இறந்தவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்த படம் ஒன்றுதான் இருந்ததாம். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கண்ணை வைத்துக் கொடுங்கள் என்றார்கள். கண்ணுக்கு நான் எங்கே போவேன்? அவருடைய தம்பி படத்திலிருந்து வெட்டி ஒட்டினேன். அவர் மனைவி பார்த்துவிட்டு, "அவுஹளேதான்" என்று அழுதார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வருஷமாக இதே நாற்காலி, இதே கம்ப்யூட்டர் முன்னால்தான் என் பிழைப்பு.

தேதிக்குப் பக்கத்தில் இருப்பது நாள் கணக்கு. எதன் கணக்கு என்று எனக்குத் தெரியும், அது போதும்.

ஜனவரி 3, வெள்ளி (34)

இன்று ஒரு டீச்சர் நோட்டீஸ் அடிக்க வந்தார். பெயர் எஸ்தர் பிரேமா. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராம். அவர் எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"நிதானப் பயணம். ஞாயிறுதோறும் காலை 5.45, கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம் அருகில். ஆற்றங்கரையோரமாக சைக்கிளில் செல்வோம். போட்டி இல்லை. யாரையும் பின்னால் விட்டுவிட மாட்டோம். நடுவில் விட்டவர்களும் வரலாம். தயக்கம் வேண்டாம்."

இரண்டு முறை படித்தேன்.

"மேடம், இதுக்கு யாரெல்லாம் வரலாம்?"

"யாரு வேணா வரலாம்ணே. நீங்களும் வாங்க. சைக்கிள் இருக்குல்லா?"

"இல்ல, வெளியில நாலு பேருக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டுமே! அப்பதான இன்னும் நாலு பேரு வருவாங்க."

என்ன துணிச்சல் என்று நினைத்தேன். பார்த்தால் குடும்பப் பெண்ணாக இருக்கிறார். அவருக்கும் இந்தக் கஷ்டம் இருந்திருக்கிறது, அதிலிருந்து மீண்டு வந்து நோட்டீஸ் அடித்து ஊருக்கே கொடுக்கிறார். என் வீட்டில் பத்து வருஷமாக நிதானம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். யாராவது ராத்திரி போன் செய்தால் என் மனைவி வடிவு எடுத்து, "அவுஹ நிதானத்துல இல்ல, காலைல பேசுங்க" என்பாள். டிசம்பர் ஒன்றாம் தேதி காலையில் அவள் கடைசியாகச் சொன்னதும் அந்தச் சொல்லைத்தான். "மூணு மாசம் நிதானமா இருந்து காட்டுங்க. நானும் புள்ளையும் வாரோம்."

ஜனவரி 4, சனி (35)

மகள் சக்தியின் சைக்கிளைத் துடைத்து வைத்தேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். லேடீஸ் சைக்கிள்தான், அதனால் என்ன. சீட்டை உயர்த்தினேன். முன் கூடையில் அவள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை உரிக்க மனம் வரவில்லை. என் பைக் இப்போது இல்லை.

அவளால் இப்போது சைக்கிள் ஓட்ட முடியாது. வலது கை முறிந்துவிட்டது. வடிவும் அவளும் மேலச்செவலில் மைத்துனர் வீட்டில் இருக்கிறார்கள். மூன்று மாதம் என்றால் மார்ச் 2, ஞாயிறு. காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு (36)

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பாலத்தருகே ஒன்பது பேர் நின்றார்கள். எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். நிறுத்தினால் முகத்தில் இப்படி ஒரு தெளிவு வருமா என்று எனக்கு ஆச்சரியம். எஸ்தர் டீச்சர், "புது ஆளுங்க இருக்காங்க. எல்லாரும் பேரச் சொல்லி, எத்தன நாளாச்சுன்னும் சொல்லிருங்க" என்றார்.

பேங்க் அதிகாரி ஒருவர் மூன்று வருஷம் என்றார். மேலப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அசன் பாய் எட்டு வருஷம் என்றார். அடேயப்பா, இவர்கள் மார்க்கத்திலே ஆகாதே, பாவம், எப்படி மாட்டினாரோ என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஒரு அம்மா. "நான் காலேஜ்ல விட்டது. இருவது வருஷம் கழிச்சு போன மாசந்தான் திரும்ப ஆரம்பிச்சேன். இப்ப டெய்லி! அவருதான் வாங்கிக் குடுத்தாரு" என்று சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை சுற்றியது. திரும்ப ஆரம்பித்ததற்குக் கைதட்டலா? சரி, வெட்கப்பட வைக்காமல் இருக்கத் தட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் தட்டினேன்.

பிறகு என் முறை.

"சங்கரபாண்டி. ஃப்ளெக்ஸ் கடையில டிசைனர். குடிய விட்டு இன்னையோட முப்பத்தாறு நாளாச்சு."

ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பேங்க் அதிகாரி தன் சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் ஏதோ கோளாறு என்று எனக்கு உறைத்தது. ஆனால் சொன்ன சொல்லை எங்கே போய் அழிப்பது?

திடீரென்று ட்ரிங் என்று ஒரு பெல். அசன் பாய்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கட்டை விரல் தானாக அமுக்கியிருக்க வேண்டும். அடுத்து எஸ்தர் டீச்சர் அடித்தார். பிறகு ஒன்பது சைக்கிள் பெல்லும் அடித்தன. பாலத்தில் போன டவுன் பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குறுக்குத்துறையில் டீ குடிக்க நிறுத்தினோம். அசன் பாய் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. இது சும்மா மெதுவா சைக்கிள் ஓட்டுத குரூப்பு. வேகமா போறதுக்கு வேற குரூப்பு இருக்கு, அதான் நிதானம்னு போட்டிருக்காங்க."

பிழை பார்த்தே பதினெட்டு வருஷம் ஓட்டியவன் நான். ஒரு சொல்லில் இப்படி விழுந்திருக்கிறேன். பூமி பிளந்தால் சைக்கிளோடு இறங்கிவிடலாம் என்றிருந்தது.

ஜனவரி 6, திங்கள் (37)

கால் வலி. முதுகு வலி. சோறு வடித்து மோர் ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு (43)

இனி அந்தப் பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை என்றுதான் இருந்தேன். நோட்டீஸ் அடித்தபோது கொடுத்த என் நம்பரை டீச்சர் வைத்திருந்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ்: "அண்ணே, இன்னைக்கு 43 சரியா? பெல் அடிக்கணும். வந்துருங்க."

என் கணக்கை இன்னொருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். பல் தேய்க்கும்போது அழுகை வந்துவிட்டது. போனேன்.

ஜனவரி 14, செவ்வாய் (45)

பொங்கல். குக்கரில் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. சக்தியிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினேன். கட்டு பிரித்துவிட்டார்களாம். "எழுத முடியுதா?" என்றேன். "எழுதிருவேன்ப்பா" என்றாள். தெருமுனைக் கடையில் சரியான கூட்டம். எந்தக் கடை என்று எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 15, புதன் (46)

இன்று அந்தக் கடைக்கு விடுமுறை. நிம்மதியாக ஒரு நாள்.

ஜனவரி 26, ஞாயிறு (57)

சக்தியின் சைக்கிளில் கியர் கிடையாது. மேடு வந்தால் நான்தான் கடைசி. இந்தக் குழுவில் கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் ஒருவர் வர வேண்டும் என்று ஒரு சட்டம். அவரை 'வால்' என்கிறார்கள். வால் யாரையும் முந்தக் கூடாது. அசன் பாய்தான் எப்போதும் வால். அதனால் எனக்குப் பின்னால் அவர் சைக்கிளின் கிரீச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்று ஆற்றில் தண்ணீர் நிறைய. வெயில் ஏறவில்லை. ஐம்பத்தேழுக்கு பெல் அடித்தார்கள். அந்த இருபது வருஷத்து அம்மா எனக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்.

"உங்க பொண்ணு சைக்கிளா? அவ ஓட்டலியா?" என்றார்.

"தவறி விழுந்துட்டா. கையில அடி" என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு (64)

பெல். சீவலப்பேரி ரோட்டில் எட்டு கிலோமீட்டர். உடம்பு இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தூக்கம் மட்டும் பரவாயில்லை.

பிப்ரவரி 8, சனி (70)

சக்திக்குப் பிசியோதெரபி. என்னையும் வரச் சொல்லி வடிவு போன் செய்தாள். அதுவே பெரிய விஷயம். கடையில் அரை நாள் லீவு சொல்லி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

மெல்லிய பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பெருவிரல் மட்டும் மடங்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். முடிந்ததும் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளில் சாய்வதுபோலக் கொஞ்சம் குனிந்தாள். மூக்கால் லேசாக மூச்சு இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மோந்து பார்த்திருக்கிறாள். எழுபது நாள் ஆன பிறகும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தலைவலி. சைக்கிளுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் மெசேஜ்: "71க்கு பெல் அடிக்க முடியலையே அண்ணே. உடம்பு சரியில்லையா?" காய்ச்சல் என்று பதில் போட்டேன். எட்டுப் பேர் குணமடைய வாழ்த்தி கைகூப்பும் படம் போட்டார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றில் மணமகள் பெயரையே விட்டுவிட்டேன். அடித்து வந்த பிறகுதான் பார்த்தோம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

போனேன். "எழுபத்தெட்டு" என்றேன். பெல் அடித்தார்கள். இன்று ஏனோ அந்தச் சத்தம் காதுக்குள் குடைந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

"எண்பத்தஞ்சு" என்றேன். பெல். டீச்சருக்கு ஒரே உற்சாகம். "அடுத்த வாரம் அண்ணனுக்குத் தொண்ணூறு தாண்டிருது. அண்ணி ஊருக்கே போயிருவோமா? மேலச்செவல் வரைக்கும் ஆத்தோரமும் வாய்க்காலோரமும் அருமையா இருக்கும். கூட்டிட்டே வந்துருவோம்!" என்றார். மார்ச் 2 பற்றி அவரிடம் நான்தான் ஒரு நாள் உளறியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் என் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வால் மட்டும் நின்றார். அசன் பாய் சக்கரத்தைக் கழற்றி டியூபை ஆற்றுத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடினார். கரையில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் சொல்லிவிட்டேன்.

"பாய், எண்பத்தஞ்சு இல்ல. பதினஞ்சுதான் ஆகுது."

அவர் தலை நிமிரவில்லை. தண்ணீரில் கொப்புளம் வந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டார்.

"அன்னைக்குக் காய்ச்சல் இல்லையா அப்பம்?"

"இல்ல."

"ம்." ஒட்டுப் போடும் இடத்தை உரசினார். "வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"மேலச்செவல்ல போயி என்ன சொல்லப் போறீய?"

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, சீட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வழக்கம்போல என் பின்னால் வந்தார்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். பிழை பார்ப்பதுதானே என் தொழில். திருத்தங்களை எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 4: "என் பைக் இப்போது இல்லை" என்று இருக்கிறது. நசுங்கிப் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, சாவி வடிவிடம். அதே நாளில் "வலது கை முறிந்துவிட்டது" என்று இருக்கிறது. ஜனவரி 26-இல் "தவறி விழுந்துட்டா" என்று இருக்கிறது. அவள் தவறி விழவில்லை. நவம்பர் 30 சாயங்காலம் டியூஷன் விட்டு வந்தவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நான் ஓட்டினேன். "அப்பா, மெதுவா போங்க, நான் இறங்கிக்கிடுதேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் இறக்கிவிடவில்லை. திருத்தம்: கை முறியவில்லை. முறித்தேன்.

பிப்ரவரி 8: "நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்." திருத்தம்: வரவில்லை.

மார்ச் 1, சனி

துணி துவைத்தேன். வீட்டைக் கழுவிவிட்டேன். சக்தியின் மேசையைத் துடைத்தேன். வடிவு வந்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. வராவிட்டாலும் வீடு சுத்தமாக இருக்கட்டும்.

தொண்ணூற்றிரண்டு என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? பாய் சொல்ல மாட்டார். நாளையிலிருந்து சரியாக இருந்துகொள்ளலாம். இதையே மதியத்திலிருந்து சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு (22)

காலையில் பாலத்தருகே போனால் என் சைக்கிளில் கட்டுவதற்கு மூன்று பலூன் வைத்திருந்தார்கள். ஒரு கேக் பெட்டி வேறு. எல்லோருடைய கட்டை விரலும் பெல்லின் மேல் தயாராக இருந்தது.

"சொல்லுங்கண்ணே, எத்தன?" என்றார் டீச்சர்.

"இருவத்திரண்டு."

தப்பாகக் காதில் விழுந்ததோ என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பிப்ரவரி எட்டாம் தேதி குடிச்சிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் உங்கள ஏமாத்திட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

பெல் அடிக்கவில்லை. யார் அடிப்பார்கள்? பேங்க் அதிகாரி இன்றும் செயினைக் குனிந்து பார்த்தார். டீச்சர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. பிறகு பலூன்களின் காற்றை இறக்கித் தன் பைக்குள் திணித்தார். "சரி, கெளம்புவோம். வெயிலு வந்துரும்" என்றார். கிளம்பி நூறு அடி போயிருப்போம், பின்னாலிருந்து ஒரே ஒரு ட்ரிங். அது எனக்கா, குறுக்கே வந்த ஆட்டுக்கா என்று தெரியவில்லை.

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை என்று போனோம். வாய்க்காலில் தண்ணீர் சத்தம் கூடவே வந்தது. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. மேலச்செவல் தெருமுனை டீக்கடையில் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மைத்துனர் தெருவுக்குள் போனேன்.

வடிவு வாசலிலேயே நின்றாள். புதுப் புடவை. அவளுக்குப் பின்னால் நடையில் இரண்டு பை கட்டி வைத்திருந்தது. ஒன்றின் மேல் சக்தியின் ஜியாமெட்ரி பாக்ஸ்.

"சைக்கிள்லயா வந்தீய, இவ்வளவு தூரம்?" என்றாள். சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது! அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. இதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

"வடிவு, மூணு மாசம் ஆகல. இருவத்திரண்டு நாள்தான் ஆகுது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து போறப்ப குடிச்சேன்."

அவள் திரும்பி இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜியாமெட்ரி பாக்ஸ் கீழே விழுந்து காம்பஸும் ஸ்கேலும் சிதறின. நான் குனிந்து பொறுக்கினேன். கூடவே ஒரு கை பொறுக்கியது. சக்தி.

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மோந்து பார்ப்பாளோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, சைக்கிளைப் பார்த்தாள்.

"பட்டாம்பூச்சிய உரிக்கலியாப்பா?"

"இல்ல."

"டாக்டர் கொஞ்சங் கொஞ்சமா ஓட்டச் சொல்லிருக்காரு. பெல்லு அமுக்கச் சொன்னாரு, பெருவிரலுக்கு நல்லதாம்."

வலது கையைப் பெல்லின் மேல் வைத்தாள். முதல் தடவை விரல் வழுக்கிவிட்டது. இரண்டாம் தடவை பாதி அமுங்கியது. மூன்றாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். ட்ரிங் என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தது.

தெருமுனையிலிருந்து உடனே பதில் வந்தது. ஒன்பது பெல்லும் சேர்ந்து அடித்தன. நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சக்தி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "யாருப்பா அது?" என்றாள். அவள் மறுபடி அமுக்கினாள். அவர்கள் மறுபடி அடித்தார்கள்.

வடிவு காப்பியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. குடித்து முடித்து தம்ளரைக் கொடுத்தேன்.

"சைக்கிள் இங்கயே இருக்கட்டும். நான் பஸ்ல போயிக்கிடுதேன்" என்றேன். "தொண்ணூறுக்கு இன்னும் அறுபத்தெட்டு இருக்கு. முடிஞ்சதும் வந்து கூப்பிடட்டா?"

தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"அவசரம் ஒண்ணும் இல்ல. நிதானமா வாங்க."

எந்த நிதானம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள் (23)

பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பூப்புனித நீராட்டு விழா இரண்டு, கடைத் திறப்பு ஒன்று.

சாயங்காலம் எஸ்தர் டீச்சர் அடுத்த மாத நோட்டீஸோடு வந்தார். அசன் பாய் பட்டறையில் ஒரு பழைய சைக்கிள் கிடக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி பண்ணி வைக்கிறேன் என்று சொல்லச் சொன்னாராம். சொல்லிவிட்டு டீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, நிதானப் பயணம்னு போட்டா சில பேரு தப்பா புரிஞ்சிக்கிடுவாங்களோ? மெதுவான பயணம்னு மாத்திருவோமா?"

"வேண்டாம் மேடம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.